முதல் ஓலையும் ஓர் ஆர்வக்கோளாறும்

மாடம்பாக்கம்
9-5-1989

அன்புள்ள தபீதா,

வழக்கமாக மேலே எழுதும் க்ஷேம விசாரிப்பை இந்தத் தடவை விட்டுவிட்டேன். நான் க்ஷேமமாக இல்லை. நீயும் இருக்க மாட்டாய்.

நேற்றும் இன்றும் நீ நம் வண்டியில் வரவில்லை. லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் உன் இடத்தில் என் கைக்குட்டையைப் போட்டு வைத்தேன். சானடோரியம் வரைக்கும் காப்பாற்றினேன். குரோம்பேட்டையில் ஏறிய ஒருத்தி கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நீ முந்தைய வண்டியிலேயே ஏறிப் போவதைப் பார்த்ததாக நம் பேபி சொன்னாள். இத்தனை வருஷம் ஒரே பெட்டியில் ஆபீஸ் போய் வந்தவர்கள் இதைவிடத் தெளிவாகக் கோபத்தைக் காட்ட முடியாது. எனக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு உங்கள் கோயிலில் பெண் பெயரையும் பிள்ளை பெயரையும் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள், அதற்கு ஓலை என்று பெயர், உன் பெண் பியூலாவுக்கு முதல் ஓலை இந்த ஞாயிறு என்று நீதான் ரயிலில் சொன்னாய். நீ என்னை வா என்று கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லையே. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மேற்குத் தாம்பரம் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டுக் குழுவில் நின்றுகொண்டிருந்த பியூலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன் முகத்தைத்தான் நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

ஆயர் வாசித்தார். காலஞ்சென்ற யேசுதாசன் மகள் பியூலா, காட்டாங்குளத்தூர் எலியேசர் மகன் ஜெபராஜ். உன் வீட்டுக்காரர் பெயர் காதில் விழுந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அவர், இவர்கள் சேருவதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

தபீதா, நான் எங்கள் காலனி நலச் சங்கத்தின் இணைச் செயலாளர். அங்கே தலைவர் ஒன்றைப் படித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தால், உடனே ஒருத்தர் எழுந்து வழிமொழிய வேண்டும். யாரும் எழுந்திருக்காவிட்டால் தீர்மானம் அப்படியே அமுங்கிப் போகும். எங்கள் தெருவிளக்குத் தீர்மானம் அப்படித்தான் இரண்டு கூட்டம் தள்ளிப்போனது. அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் நான்தான் எழுந்து நிற்பது. ஆயர் நிமிர்ந்து பார்க்கிறார், யாரும் அசையவில்லை, குழந்தையின் கல்யாணம் அமுங்கிப் போய்விடுமே என்று எனக்குப் பதறியது. எழுந்து கையைத் தூக்கி, "நான் வழிமொழியறேன் சார்" என்றேன்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்த இடம் அதற்கான இடமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்கள் வழக்கத்தில் பேசாமல் இருப்பதுதான் சம்மதம். அது எனக்கு எப்படித் தெரியும்? என் வாழ்க்கையில் பேசாமல் இருந்து நான் எதற்கும் சம்மதித்ததில்லை.

அது என் தப்பு. ஆனால் வெளியே படியில் வைத்து, அத்தனை பேர் கேட்க, "சுந்தரவல்லி, நீ சுத்த ஆர்வக்கோளாறு" என்று நீ கத்தினாய். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த வார்த்தையை நாம் இரண்டு பேரும் அடுத்தவர்களுக்காக அல்லவா வைத்திருந்தோம்? ரயில் பெட்டிக்கு ஆயுத பூஜை அலங்காரம் செய்கிறேன் என்று மின்விசிறியில் காகிதத் தோரணம் கட்டியவளைச் சொன்னோம். கேட்காமலேயே எல்லோருக்கும் ஜாதகம் பார்த்துச் சொல்பவளைச் சொன்னோம். அந்த ஆள் இறங்கிப் போன பிறகுதான் சொல்வோம். நின்றுகொண்டிருக்கும் ஒருத்தியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்படியென்றால் நான் இறங்கிப் போன பிறகு, இத்தனை வருஷமும், பெட்டியில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன்
சுந்தரவல்லி

பி.கு. இடம் போதவில்லை என்று இன்லண்டின் மடிப்பு ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். பார்த்துப் பிரி.


முடிச்சூர் ரோடு
மேற்குத் தாம்பரம்
13-5-1989

சுந்தரவல்லிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓரத்தில் எழுதியதில் பாதி கிழிந்துவிட்டது. படித்த மட்டும் போதும்.

வார்த்தையைப் பற்றிப் பிறகு பேசலாம். உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று நடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் எலியேசர் அண்ணனின் அக்கா அருள்மேரி உட்கார்ந்திருந்தாள். பெண் வீட்டுக் கோயிலைப் பார்க்க வந்தாளாம். நீ சொன்னது அவள் காதில் விழவில்லை. ஆட்சேபணை உண்டா என்று ஆயர் கேட்டதும் பட்டுப்புடவை கட்டிய ஓர் இந்து அம்மாள் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்ததைத்தான் அவள் பார்த்தாள். அடுத்த வண்டியில் காட்டாங்குளத்தூர் போய்ச் சேர்ந்தாள். மத்தியானம் அது, யாரோ ஓலையைத் தடுத்தார்கள் என்று ஆனது. சாயங்காலத்துக்குள், பியூலாவை முதலில் அந்த அம்மாளின் மகனுக்குத்தான் பேசியிருந்தார்கள் என்று ஆகிவிட்டது. உனக்கு ஒரு மகன் இருப்பதை அவர்கள் எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நாளை வாசிக்க வேண்டிய இரண்டாம் ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லி எலியேசர் அண்ணன் ஆயருக்கு எழுதிவிட்டார். நானும் என் அண்ணன் ஏசுபாதமும் போய்ப் பார்த்தோம். மரியாதையாகத்தான் பேசினார். "ஆட்சேபண இருக்கிறவங்க எழுந்து நிப்பாங்க, சரி. இல்லாதவங்க இன்னாத்துக்கும்மா எழுந்து நிக்கணும்?" என்று கேட்டார். நீ சந்தோஷத்தில் எழுந்ததாகச் சொன்னேன். ஆயரும் சொல்லிப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவளும் அவள் சபை ஆயரும் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று நினைக்கிறார் போல.

போன வருஷம் ஓர் இடம் கூடிவந்து கலைந்தது உனக்குத் தெரியும். இதுவும் கலைந்தால் அப்புறம் இந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். பியூலா புதன்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஒன்றும் செய்யாதே. காட்டாங்குளத்தூர் போகாதே. யாருக்கும் விளக்கம் சொல்லாதே. யார் வந்து கேட்டாலும் வாயைத் திறக்காதே. எனக்குக் கடிதம் எழுதினால் பரவாயில்லை.

தபீதாள்


மாடம்பாக்கம்
16-5-1989

அன்புள்ள தபீதா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து அணைந்துவிட்டது.

என் ராஜகோபாலனுக்கு பியூலாவா? அவன் அவளைவிட இரண்டு வயது சின்னவன். சின்ன வயதிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். வேலை பார்க்கும் பரோடாவிலிருந்து வரும்போதெல்லாம் அக்காவுக்கு என்று வளையல் வாங்கிக்கொண்டு வருவான். இதை ஒரே ஒரு தடவை அந்த எலியேசரிடம் போய்ச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

உன்னிடம் மறைக்கவில்லை. நேற்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். காட்டாங்குளத்தூருக்கு டிக்கெட் வாங்கினேன். செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. ஒரு காலைத் தூக்கியும் வைத்துவிட்டேன். அப்போதுதான் ஒன்றும் செய்யாதே என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. காலை எடுத்துவிட்டேன். வண்டி போன பிறகு பிளாட்பாரத்து பெஞ்சிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது.

அந்த வார்த்தையை வீட்டிலிருக்கும் அகராதியில் தேடிப் பார்த்தேன். ஆர்வம் இருக்கிறது. கோளாறு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடவில்லை. அகராதிக்காரருக்கு என்னைப் போல யாரையும் தெரியாது போலிருக்கிறது. நானே யோசித்துப் பார்த்தேன். அதிகப்பிரசங்கி என்றால் வாய். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவள். முந்திரிக்கொட்டை என்றால் முந்திக்கொண்டு வந்து நிற்கிறவள். இந்த இரண்டும் நான் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். சரி, பாதி தைரியமாக. ஆர்வக்கோளாறு என்றால் என்ன என்றுதான் பிடிபடவில்லை. அதிலும் ஏதோ ஒரு ஆர்வம் இருக்கிறதே, அது நல்ல சமாசாரம்தானே?

என் வீட்டுக்காரர் பட்டாபிராமனிடம் கேட்டேன். பேப்பரை மடிக்காமலே, "அந்த வார்த்தைய நான் வருஷக்கணக்கா சொல்லிண்டுதான் இருக்கேன். உனக்கு இப்பத்தான் காதுல விழுந்திருக்கு" என்றார். அவர் சொன்னால் வலிக்கவில்லை. நீ சொன்னால் ஏன் வலிக்கிறது?

பியூலா பாட்டுக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இது என்னால்தான் என்று தெரிகிறது. எதையாவது செய்து சரி செய்ய வேண்டும் என்று கை பரபரக்கிறது. ஆனால் நீ சொன்னபடி சும்மா இருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். பெருமாள் மேல் ஆணை, போதுமா?

உன்
சுந்தரவல்லி

பி.கு. நீ வேறு வண்டியில் போவதாக இருந்தால் பின்பக்கத்து லேடீஸ் பெட்டியில் ஏறு. முன்பெட்டியில் கூட்டம் நெரிகிறதாம். பேபி சொன்னாள்.


மாடம்பாக்கம்
22-5-1989

தபீதா,

சுருக்கமாக எழுதுகிறேன். பேச்சைக் குறைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று எலியேசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். விலாசத்தை ஆயரிடம் வாங்கினாராம். வெள்ளை வேட்டி சட்டை, கையில் குடை. நல்ல மனுஷராகத் தெரிந்தார். நீ பெருமைப்படும்படி நடந்துகொண்டேன். கேட்டுக்கொள்.

எனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இல்லை என்றேன். பியூலாவைத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். எத்தனை நாளாக என்றார். சின்ன வயதிலிருந்து என்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மேல் வந்ததை எல்லாம் விழுங்கிவிட்டேன். அப்புறம் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஓலை வாசித்த அன்று ஏன் எழுந்து நின்றீர்கள் என்று கேட்டார். தபீதா, எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உனக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. "அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றேன்.

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து, உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்.

பார்த்தாயா, என்னாலும் முடியும்.

சுந்தரவல்லி


மேற்குத் தாம்பரம்
25-5-1989

சுந்தரவல்லி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பியூலா வந்து என்னம்மா என்று கேட்டாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். இத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

நீ சொன்ன அந்த ஒரு வரி என்ன செய்தது தெரியுமா? "அந்தம்மாவுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. சொல்லக்கூடாதுன்னு யாரோ வாயக் கட்டிவெச்சிருக்காங்க" என்று எலியேசர் அண்ணன் ஏசுபாதத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் நினைத்தது சரிதானே. கட்டிவைத்தது நான்தான். வாயை மூடத் தெரியாதவள் மூடினால் அது மூடியிருப்பதே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. இது உன் தப்பு இல்லை. கடுகு டப்பாவில் மிளகாய்ப்பொடி இருக்க வேண்டும் என்று நினைத்தது என் தப்பு.

வார்த்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது சொல்கிறேன்.

படியில் நான் சத்தம் போட்டது உனக்காக இல்லை. இரண்டு படி தள்ளி அருள்மேரி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டேன். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். நீ தடுக்க எழுந்திருக்கவில்லை, சந்தோஷம் தாங்காமல் எழுந்தாய் என்று ஒரே மூச்சில் சொல்வதற்கு எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அதிகப்பிரசங்கி என்றால் உன்னைக் கெட்டவளாக்கியிருப்பேன். முந்திரிக்கொட்டை என்றாலும் அப்படித்தான். இது ஒன்றுதான், மனசில் கெடுதல் இல்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு அதற்குப் பிறகு திட்டுகிற வார்த்தை. அருள்மேரி காதில் அது ஏறவில்லை. உன் காதில் ஏறிவிட்டது.

முழுவதும் அதற்காகத்தான் என்று சொன்னால் பொய். பாதி அதற்காக. மீதி கோபம்தான். நான் கூப்பிடாமல் வந்தாயே என்ற கோபம். யேசுதாசன் பெயரை வாசிக்கும்போது நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வரிசையில் நீ அழுதுகொண்டிருந்தாய். அதையும் தாங்க முடியவில்லை.

நீ இறங்கிப் போன பிறகு பெட்டியில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோமா என்று கேட்டாய். சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ ஜுரத்தில் படுத்து வராமல் இருந்த வாரம் அந்தப் பெட்டியில் யாரும் பேசிக்கொள்ளவே இல்லை. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தினம் கோளாறு என்று புகார் வரும். லைன்மேனை அனுப்புவோம். யாரும் டெலிபோனைத் தூக்கித் தெருவில் எறிவதில்லை.

இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நேற்று நான் தனியாகவே காட்டாங்குளத்தூர் போனேன். வாயைக் கட்டியது நான்தான் என்று எலியேசர் அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறேன், இன்னொரு தடவை போய் அவளோடு அரை மணி நேரம் உட்காருங்கள், அதற்கப்புறமும் சந்தேகம் இருந்தால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம் என்றேன். "சரிம்மா. உங்க பொண்ணுக்காக ஒரு தபா" என்றார். ஜெபராஜ் வாசல் வரைக்கும் கூடவே வந்தான். தாழ்ந்த குரலில், "அத்தே, நான் மாற மாட்டேன்" என்றான். ஆனால் அப்பா பேச்சைத் தாண்டுகிற பையன் இல்லை. அதனால்தான் அவனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருவார். இது கடைசித் தடவை. நீ நீயாக இரு. வேறெதுவும் செய்யாதே.

தபீதாள்


மாடம்பாக்கம்
29-5-1989

அன்புள்ள தபீதா,

உனக்கு நல்ல வார்த்தை சொல்லத்தான் எழுதுகிறேன் என்றாலும் வரிசையாகத்தான் சொல்வேன். நடுவில் தாண்டிப் படிக்காதே.

நேற்று சாயங்காலம் எலியேசர் வந்தார். அதே குடை. உட்காருங்கள் என்று நான் சொல்வதற்குள், "தபீதாம்மா சொல்லிட்டாங்க. நீங்க பேசலாமாம்" என்றார். அவ்வளவுதான். அணைக்கட்டுக் கதவைத் தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஆகிவிட்டது. ராஜகோபாலன் பியூலாவை அக்கா என்று கூப்பிடுவதிலிருந்து ஆரம்பித்தேன். வளையல். அவள் பத்தாவதில் கணக்குக்குப் பயந்து அழுதபோது நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுத்தது. உன் வீட்டுக்காரர் காலமான அன்று அவள் என் மடியில் படுத்துத் தூங்கியது. சொல்லிக்கொண்டே அடை வார்த்துப் போட்டேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். எனக்கு வேண்டாம் என்பதெல்லாம் காதில் விழாது என்று உனக்குத்தான் தெரியுமே.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவர் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பொண்ணு மேல பிரியம், புரியுது, ஆனா ஏன் எழுந்து நின்னீங்க என்று. காலனி சங்கம், தீர்மானம், வழிமொழிதல் எல்லாம் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று பார்த்தார். வாருங்கள் என்று தெருவுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் தெருமுனைக் குழல்விளக்கைக் காட்டினேன். இதற்கு நான்தான் எழுந்து நின்றேன் என்றேன். சாக்கடை மூடியைக் காட்டினேன். இதற்கும் நான்தான். குப்பைத் தொட்டி, அதற்கும். எதிர்வீட்டுக் கனகவல்லி கோலமாவு டப்பாவோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவளாகவே, "மாமி, அடுத்த கூட்டத்துல தண்ணி லாரி விஷயம் எடுக்கிறாங்களாம். யாரும் எழுந்திருக்க மாட்டாங்க, நீங்கதான் நிக்கணும்" என்றாள். சத்தியமாக நான் அவளிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

எலியேசர் குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தெரு நடுவில், தோள் குலுங்க. "எங்க வூட்லயும் ஒண்ணு கீதும்மா. எங்க அக்கா அருள்மேரி. ஜெபராஜ் பரீட்ச ரிசல்ட்டு வர்றதுக்கு முன்னாடியே பாஸு பாஸுன்னு தெரு பூரா முட்டாய் குடுத்துட்டு வந்துச்சு. நல்லவேள, பையன் பாஸாயிட்டான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் ஆர்வக்கோளாறு, நீங்களும் ஆர்வக்கோளாறு. ரெண்டு ஆர்வக்கோளாறுக்கு நடுவுல மாட்டிக்கினு புள்ளைங்க ரெண்டும் முழிக்குதுங்க."

தபீதா, அவர் அதை என் முகத்துக்கு நேரேதான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். எனக்கு வலிக்கவே இல்லை. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும், கல்யாணம் நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ படியில் நின்று கத்தியது மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்றார். வரும் ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கச் சொல்லி ஆயருக்கு இன்றே எழுதுவாராம். பஸ் ஏறும்போது, "நீங்க கோயிலுக்கு வரலாம்மா. ஆனா உக்காந்துகினே இருங்க" என்றார்.

இரண்டாம் ஓலைக்கு நான் வரவில்லை. பயமாக இருக்கிறது. மூன்றாவதுக்கு நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிட்டால்தான் வருவேன்.

பியூலா பாடப் போனாளா?

உன்
சுந்தரவல்லி


மேற்குத் தாம்பரம்
12-6-1989

கர்த்தருக்குள் அன்பான சுந்தரவல்லிக்கு,

ஒரு வாரமாக ஒரே வண்டியில் போய் வந்துகொண்டிருக்கிறோம், இன்று காலையிலும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம், இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. இதை நேரில் சொன்னால் நீ ஓடுகிற ரயிலில் எழுந்து நின்றுவிடுவாய்.

நேற்று மூன்றாம் ஓலைக்கு உன்னைக் கூப்பிட்டு என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்டுவிட்டு ஆயர் நிமிர்ந்ததும், அவர் கண் நேரே உன்மேல்தான் வந்து நின்றது. கோயில் முழுக்க உன்னையே பார்த்தது. எலியேசர் அண்ணன் வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தார். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்துவிட்டது, நீ கவனித்திருக்க மாட்டாய். பாட்டுக் குழுவில் பியூலா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

வெளியே வந்ததும் அருள்மேரி உன்னிடம் வந்து நின்றாளே, நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்குக் கேட்காமல் கால் மணி நேரம் நின்றீர்களே, அதைத் தூரத்தில் நின்று பார்த்தபோது என் மனசிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி கல்யாணம் முடிந்ததும் ஆயர் பதிவுப் புத்தகத்தைத் திறப்பார். பெண்ணும் பிள்ளையும் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குக் கீழே சாட்சிகள் போட வேண்டும். பிள்ளை வீட்டுப் பக்கம் அருள்மேரி போடுகிறாள். பெண் வீட்டுப் பக்கம் யார் என்று ஏசுபாதம் நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். தகப்பன் இல்லாத பெண், தாய்மாமன்தானே போட வேண்டும் என்று நான் அவரையே சொல்ல இருந்தேன். அதற்குள் பியூலா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"சுந்தரவல்லி ஆன்ட்டி போடட்டும். அவங்க முதல் நாளே எழுந்து நின்னுட்டாங்க. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஏசுபாதம் சரி என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. உங்கள் வழக்கப்படி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் எழுதிக் கேட்கிறேன். யேசுதாசன் இருந்திருந்தால் அவர் நின்றிருக்க வேண்டிய பக்கம் அது. அந்தப் பக்கத்தில் நீ வந்து நிற்பாயா? அந்த இடத்தில் எழுந்து நிற்கத்தான் வேண்டும், உட்கார்ந்துகொண்டு போட முடியாது.

பதில் எழுது. ஓரத்தில் எழுதாதே, கிழிந்துவிடுகிறது.

தபீதாள்


மாடம்பாக்கம்
14-6-1989

தபீதா,

வழிமொழிகிறேன்.

சுந்தரவல்லி